வேலைநிறுத்தம் மழுங்கிப்போன ஆயுதமா?

"மறியல், ஊர்வலம், வேலைநிறுத்தம் எல்லாம் பாட்டன் காலத்தோடு போச்சு. தெருவில் இறங்கி என்ன கண்டோம்?" நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஒரு நாள் சம்பளம் போனால் அடுப்பெரியாத வீட்டில் இப்படிக் கேட்பது தவறில்லை. ஆனால் பதிலை வரலாற்றில் தேட வேண்டும்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகள் வேலையை நிறுத்தினார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கேவலத்தை ஒழிக்கச் சொன்னார்கள். தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். ராணுவத்தின் துப்பாக்கிக்கு ஐவர் பலியானார்கள். அன்றைக்கு அது தோல்விதான். ஆனால் குனிந்த தலை நிமிர்ந்ததும் அன்றைக்குத்தான்.

இன்னொன்றைப் பாருங்கள். 2007-இல் எம்.டி.யு.சி. 900 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளமும் 300 வெள்ளி வாழ்க்கைச் செலவுப் படியும் கேட்டு நாடெங்கும் மறியல் செய்தது. "நடக்கிற காரியமா?" என்றார்கள். 2013-இல் தீபகற்பத்தில் அதே 900 வெள்ளி சட்டமானது. 2025-இல் அது 1,700 வெள்ளி. போராட்டம் பலித்தது; ஆனால் ஆறு வருடம் தாமதமாக. அதற்குள் அரிசி விலை, வாடகை, பஸ் கட்டணம் எங்கே போய் நின்றன என்பது நமக்குத் தெரியும்.

அதே 2007 நவம்பர் 25-இல் தலைநகரில் கண்ணீர்ப்புகைக்கும் ரசாயன நீருக்கும் நடுவே நம் மக்கள் நின்றார்கள். ஐந்து தலைவர்கள் இசாவில் அடைக்கப்பட்டார்கள். ஆனால் 2008 மார்ச் தேர்தலில் ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. அதற்குக் காரணம் அந்த ஒரு பேரணி மட்டுமல்ல. ஆனால் அதன் பங்கை யாரும் மறுக்க முடியாது.

அப்படியானால் இன்று தடுப்பது எது? சட்டம் ஒரு தடை. வேலைநிறுத்தத்திற்குச் சங்கத்தில் ரகசிய வாக்கெடுப்பு நடத்தி மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு பெற வேண்டும். வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் வேலையை நிறுத்த முடியாது. ஆனால் அதைவிடப் பெரிய தடை நம்மிடமே இருக்கிறது. நாட்டில் நூறு தொழிலாளரில் பத்துப் பேர்கூட சங்கத்தில் இல்லை.

பள்ளியிலும் மருத்துவமனையிலும் துப்புரவு வேலை செய்யும் நம் அக்காமாரைக் கேளுங்கள். குத்தகை கைமாறும்போதெல்லாம் அதே துடைப்பம், அதே கட்டடம். ஆனால் அவர் "புதிய தொழிலாளி". இத்தனை வருடச் சேவை கணக்கில் இல்லை. தனியாக வேலையை நிறுத்தினால் மறுநாள் வேறு ஆள் வந்துவிடும். நூறு பேர் சேர்ந்து நின்றால் குத்தகையாளர் பேச வந்தே ஆக வேண்டும்.

ஆயுதம் மழுங்கவில்லை, பிடிக்கும் கைகள்தாம் குறைந்துவிட்டன. சங்கம் தூங்குகிறது என்றால் தட்டி எழுப்புவோம். எழவில்லையா? 2024-இல் திருத்தப்பட்ட சட்டப்படி இன்னொரு சங்கம் அமைக்கவும் வழி உண்டு. ஊர்வலத்திற்கு முன்னால் உறுப்பினர் அட்டை. அதை இந்த மாதமே வாங்குவோம்.