எலுமிச்சைக்கு வந்த சொறி

ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் போகிறவர்கள் கோமதி அம்மனைத் தரிசித்து, புற்றுமண் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். நான் கூடவே ஒரு பை எலுமிச்சம் பழமும் வாங்கி வருவேன். மேற்கே கூப்பிடு தூரத்தில் புளியங்குடி. எலுமிச்சை நகரம் என்றே அதற்குப் பெயர். பழத்துக்குக் கேட்பானேன்!

போன தடவை கூடைக்காரப் பாட்டி ஒருத்தியிடம் பேரம் பேசினேன். ஒரு கூறில் மட்டும் விலை பாதி. எடுத்துப் பார்த்தால், தோலெல்லாம் பழுப்பு நிறத்தில் சொரசொரவென்று புள்ளிகள். நான் முகத்தைச் சுளித்ததைப் பாட்டி கவனித்துவிட்டாள்.

"தள்ளாதீக தாயி. தோலுதான் சொறி. மாலைக்கு ஆகாது, ஊறுகாய்க்கு ஆகும்."

வாங்கிக்கொண்டேன். வீட்டில் நறுக்கிப் பார்த்தபோது சாற்றில் குறையே இல்லை. ஆனால் பாட்டி கடைசியில் கேட்டாளே ஒரு கேள்வி, அதுதான் மனசை விட்டுப் போகவில்லை. "பதினஞ்சு மரம் வச்சிருக்கோம் தாயி. அத்தனையிலயும் இதுதான். இந்தச் சொறி புடிக்காத கன்னு எங்கயாச்சும் இருக்கா?"

இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

சொறி நோய்க்குக் காரணம் ஸாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியா. மழைத்துளி தெறித்து, காற்று அடித்து, இலைக்கு இலை பரவும். இலைக்குள் சுரங்கம் தோண்டும் சின்னப் புழு ஒன்று உண்டு. அது போட்ட காயம் கிருமிக்குத் திறந்த வாசல். இது ஏதோ வெளிநாட்டிலிருந்து நேற்று வந்த நோய் என்று நினைத்துவிடாதீர்கள். 1827-க்கும் 1831-க்கும் இடையே நம் நாட்டில் சேகரித்து, லண்டன் கியூ தோட்டத்தில் பாடம் செய்து வைத்திருந்த கடாரங்காய் இலையிலேயே இந்தப் புள்ளி இருந்ததாம்! நம்மிடமிருந்துதான் ஊர் சுற்றக் கிளம்பியதோ என்னவோ. அமெரிக்காவில் பிளாரிடாக்காரர்கள் இதற்குப் பயந்து, நோய் கண்ட மரத்தைச் சுற்றி 1,900 அடிக்குள் இருந்த நாரத்தை, எலுமிச்சை இன மரங்களையெல்லாம் வெட்டினார்கள். வீட்டுக் கொல்லை மரங்களும் தப்பவில்லை. அப்படியும் அடங்காமல் 2006-ல் கைவிட்டுவிட்டார்கள்.

கிருமி செய்யும் தந்திரத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். இலைக்குள் ஒரு புரதத்தைச் செலுத்தி, மரத்தின் சொந்த மரபணு ஒன்றையே தட்டி எழுப்புகிறது. உடனே அங்கே செல்கள் வீங்கி வெடிக்கின்றன, அதுதான் சொறி. வீட்டுக்காரர் சாவியைக் கொண்டே வீட்டைத் திறக்கும் திருடன் மாதிரி! அந்தப் பூட்டைத் திருத்திவிட்டால் என்ன என்று பிளாரிடாவிலும் சீனாவிலும் ஆராய்ச்சி செய்து, 2017-ல் பம்பளிமாஸ் போன்ற கிரேப்புரூட்டிலும் ஆரஞ்சிலும் வெற்றி கண்டிருக்கிறார்கள்.

எல்லா இனமும் ஒரே மாதிரி நோய்க்கு இடம் கொடுப்பதில்லை. சீனத்துச் சின்ன ஆரஞ்சான கும்குவாட்டைச் சொறி அவ்வளவாக அண்டாது. கமலா ஆரஞ்சு ஓரளவு தாங்கும். நம் சமையலறை எலுமிச்சைதான் பாவம், ரொம்ப நோஞ்சான். ஆப்பிள் மரத்தைக் கருக்கும் தீக்கருகல் நோய்க்குக் காட்டு ஆப்பிளோடு கலந்து வழி தேடுகிறார்களே, அப்படி இங்கேயும் செய்யலாமே என்பீர்கள். சிக்கல் விதையில் இருக்கிறது. ஒரு எலுமிச்சை விதையில் இரண்டு மூன்று முளை வரும். பெரும்பாலும் எல்லாம் அம்மாவை உரித்து வைத்த நகல்கள். மகரந்தம் கொடுத்த அப்பாவின் குணம் வந்த பிள்ளையைக் கூட்டத்தில் தேடிப் பிடிக்க வேண்டும்.

பிடித்தும் இருக்கிறார்கள். பெங்களூர்த் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் எலுமிச்சையையும் 'லெமன்' இனத்தையும் கலந்து 'ரஸ்ராஜ்' என்று ஒரு ரகம் கொண்டு வந்தார்கள், சொறியைத் தாங்கும். மராட்டியத்துப் பர்பணியில் தேர்ந்தெடுத்த 'பிரமாலினி' கொத்துக் கொத்தாய்க் காய்க்கும், சொறியையும் ஓரளவு சமாளிக்கும். ஆந்திரத்தில் 'பாலாஜி' இருக்கிறது. நம் பெரியகுளம் 'பி.கே.எம். 1' கடையத்து நாட்டு ரகத்திலிருந்து பொறுக்கி எடுத்ததுதான். விளைச்சலுக்குப் பேர் போனது, ஆனால் சொறிக்காக அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இருக்கிற பதினைந்து மரத்துக்கு என்ன செய்வது? மழைக்கு முன்னால் சொறி பிடித்த குச்சிகளை வெட்டி எரிக்க வேண்டும். கொல்லையில் போட்டு வைக்கக்கூடாது. பிறகு ஒரு சத போர்டோ கலவை தெளிக்கலாம். மருந்து மேலே பூசிக் காப்பாற்றுமே தவிர, மரத்தின் சுபாவத்தை மாற்றாது. கொல்லையில் ஒற்றை மரம் வைத்திருக்கிற உங்களுக்கும் இது பொருந்தும்.

பாட்டியின் ஊர் எது என்று கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். சங்கரன்கோவில் போகும் வழியில் வன்னிக்கோனேந்தலிலேயே எலுமிச்சை வகைகளுக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதையும் அவளிடம் சொல்ல வேண்டும். அடுத்த தபசுக்கு அதே இடத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்தால், கன்றுகளின் பெயர்களை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன்.