நமது வருத்தம் பெரட்டுக்களத்துப் பேச்சல்ல



தோட்ட டிஸ்பென்சரியில் காலையில் சொன்ன வருத்தம் மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வந்துவிடுகிறது. கதவு திறந்தே கிடக்கிறது. வரிசையில் நிற்பவர் காதிலெல்லாம் விழுகிறது. இதைச் சின்ன விஷயமென்று விட முடியாது. வெட்கத்துக்குப் பயந்து மார்புக் கட்டியையும் கர்ப்பப்பை வருத்தத்தையும் மறைத்து, முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகும் தாய்மார் நமது லயங்களில் இருக்கிறார்கள்.

இதன் வேர் பழையது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே தோட்ட வைத்தியம் நிர்வாகத்தின் கையில் இருந்து வந்தது. மருந்து கொடுப்பவருக்கும் துரைதான் சம்பளம் கொடுத்தார். அதனால் நோயாளியின் விபரமும் நிர்வாகத்தின் சொத்தென்று நினைத்துப் பழகிவிட்டார்கள். ஆபீசுக்குத் தெரியவேண்டியது எத்தனை நாள் ஓய்வு, திரும்பி வந்தால் பாரமில்லாத வேலை வேண்டுமா என்பது மட்டுமே. பிரசவச் சகாயத்துக்காகக் கர்ப்பத்தை அறிவிக்கத்தான் வேண்டும். அதைச் சாட்டி மற்ற வைத்திய விபரங்களைத் துருவ எவருக்கும் உரிமையில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சுகாதாரத் தகவலை விசேட பாதுகாப்புக்குரியதாகவே சொல்கிறது.

அடுத்தது மொழி. அம்மாவுக்குச் சிங்களத்தில் பேச கிளினிக் போகவேண்டுமென்று பிள்ளைகள் நம்மிடம் லீவு கேட்கிறார்கள். மாதவிடாய்ப் பிரச்சினையை ஒரு தாய் தன் மகன் வாயால் எப்படிச் சொல்வாள்? பாதியை விழுங்கிவிடுகிறாள். மருந்தும் பாதி வருத்தத்துக்குத்தான் கிடைக்கிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அந்த மொழி நோயாளியின் கட்டிலருகே இன்னும் வந்து சேரவில்லை.

விளங்காத பாரத்தில் வைக்கும் கையொப்பம் சம்மதமாகாது. குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சையில் இது இன்னும் பாரதூரமானது. 1980களில் கருத்தடை செய்துகொண்டவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. வறுமைப்பட்டவளிடம் காசைக் காட்டி வாங்குவது சுதந்திரமான சம்மதமா? பிள்ளை பெறுவதையும் நிறுத்துவதையும் தீர்மானிக்க வேண்டியவள் அவளே. பிரசவ வலியில் துடிக்கும் நேரம் அதைக் கேட்கும் நேரமல்ல.

ஆகவே நாம் கேட்பவை இவை:

1. டிஸ்பென்சரியில் மூடிய கதவுள்ள தனி அறை.
2. ஆபீசுக்குப் போகும் துண்டில் ஓய்வு நாட்களும், கொடுக்கக்கூடிய வேலையும் மட்டும்.
3. ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும் உத்தியோகத்தர். பிள்ளையோ கங்காணியோ மொழிபெயர்ப்பாளராக வேண்டாம்.
4. தமிழில் சம்மதப் பாரம், யோசிக்க நேரம், வேண்டாமென்று சொல்லும் உரிமை.

நமது தோட்டத் தலைவர்மாருக்கும் ஒரு வார்த்தை. லீவுப் பிரச்சினைக்காக வரும் சகோதரியிடம் "என்ன வருத்தம்?" என்று கேட்க வேண்டாம். துண்டைப் பார்த்து நாட்களுக்காக வாதாடினால் போதும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இந்த நான்கையும் தீர்மானமாக எழுதுவோம். மாதர் பிரதிநிதிகள் முன்மொழியட்டும். சம்பளத்துக்காகக் குரல் கொடுக்கும் சங்கம் உழைப்பவளின் மானத்துக்காகவும் குரல் கொடுக்க வேண்டும்.