கல்லறையிலும் முதல் வரிசையா?

கோவில் கட்டப் பெருந்தொகை வழங்கிய குடும்பத்தின் பெரியவர் இறந்தால், அவரைக் கோவிலுக்குள்ளேயே அடக்கம் செய்ய வேண்டும் என்ற கோரிக்கை பங்குப் பேரவைகளில் அவ்வப்போது எழுகிறது. உள்ளே முடியாவிட்டால் சுவரை ஒட்டியாவது இடம் வேண்டுமாம். அதுவும் இயலாதெனில், பீடத்தின் அருகே கருங்கல் பதித்துப் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டுமாம். எங்கள் இராமநாதபுரம் கடற்கரையிலும் இக்குரல் கேட்கிறது. கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். தந்தையின்மீது கொண்ட பாசத்தால் கேட்கிறார்கள். ஆயினும் இக்கோரிக்கை மறுக்கப்பட வேண்டியது என்பதே என் உறுதியான கருத்து.

இது தனி ஒருவரின் பிடிவாதம் அன்று. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1242ஆம் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். திருத்தந்தை, கர்தினால்கள், ஓய்வு பெற்றவர் உட்பட மறைமாவட்ட ஆயர்கள் ஆகியோரை அவரவர்க்குரிய கோவிலில் அடக்கம் செய்யலாம். மற்ற எவரையும் கோவிலுக்குள் அடக்கம் செய்தல் ஆகாது. பங்குத்தந்தைக்கே அங்கு இடமில்லாதபோது பணம் கொடுத்தவருக்கு எங்கிருந்து வரும்? பெயர்க்கல்லைச் சட்டம் தடுக்கவில்லையே என்பர் சிலர். உண்மைதான். ஆனால் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு இதன் அடிப்படையைத் தொடுகிறது. திருப்பணி சார்ந்த வேறுபாட்டையும், ஆட்சியாளர்களுக்கு உரிய மரியாதையையும் தவிர, வழிபாட்டில் தனியாள்களுக்கோ வகுப்பினருக்கோ தனிச்சிறப்பு எதுவும் கூடாது என்கிறது அது. உயிரோடு இருப்பவனுக்குக் கூடாத தனிச்சிறப்பு, செத்தபின் கல்லாக வந்து உட்காரலாமா?

மேனாட்டுப் பேராலயங்களில் அரசரும் பிரபுக்களும் துயில்கிறார்களே என்று படித்தவர்கள் வாதிடுவதுண்டு. நல்லது, இங்கிலாந்தின் கேன்டர்பரிக்கே போவோம். 1170ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் அப்பேராலயத்தினுள்ளேயே பேராயர் தாமஸ் பெக்கெட் வெட்டிக் கொல்லப்பட்டார். புனிதரான அவருடைய திருப்பேழையை நாடித் திருப்பயணிகள் திரண்டனர். பெரிய மனிதர்களும் அவர் அருகில் இடம் தேடினர். 1376இல் இறந்த 'கருப்பு இளவரசர்' எட்வர்டு ஒரு புறமும், 1413இல் இறந்த மன்னர் நான்காம் ஹென்றி மறு புறமும் கிடத்தப்பட்டனர். 1538இல் எட்டாம் ஹென்றியின் ஆணையால் புனிதரின் திருப்பேழை தகர்க்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் எரிவது ஒரு மெழுகுதிரி மட்டுமே. புனிதருக்கு அருகே இடம் பிடித்தவர்களின் கல்லறைகளோ பத்திரமாக இருக்கின்றன! அதே ஆலயத்தில் பேராயர் ஹென்றி சிச்சிலி தாம் உயிரோடிருக்கும்போதே தமக்கொரு கல்லறை எழுப்பினார். மேலே முழு ஆயர் உடையில் ஓர் உருவம். கீழே ஆடையின்றி நலிந்த பிணத்தின் உருவம். அவருக்காவது கீழ்த்தட்டு நினைவில் இருந்தது. நம்மவர் கேட்பது மேல்தட்டை மட்டும்.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் கடற்கரை மணலில் நடந்த புனித சவேரியாருக்குக் கோவாவில் பளிங்கு மேடை உண்டு. டஸ்கனியின் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ அளித்து, 1698இல் நிறுவப்பட்டது அது. சவேரியார் முத்துக்குளித்துறைக்குத் தலைவராக நியமித்த அந்தோணி கிரிமினாலி அடிகள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்தவர்? மண்டபத்தை அடுத்த வேதாளையில், 1549இல், படையெடுத்து வந்தவர்களிடமிருந்து பரதவ மக்கள் தோணிகளில் ஏறித் தப்பினர். பெண்களும் குழந்தைகளும் ஏறட்டும் என்று அவர் கரையிலேயே நின்றார், ஈட்டிக்கு இரையானார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இயேசு சபையின் முதல் மறைச்சாட்சி அவரே. அவருக்குப் பளிங்கு மேடை எதுவும் எழவில்லை. அந்த மணலை மிதித்துக்கொண்டுதான் நாம் இராமேசுவரம் போகிறோம்.

ஓரியூரின் கதையும் வேறன்று. 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. உடல் கம்பத்தில் கட்டப்பட்டு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் விடப்பட்டது. எஞ்சிய எலும்புகளைத்தான் கிறிஸ்தவர்கள் பின்னர் பொறுக்கி எடுத்தனர். இன்று ஓரியூருக்கு வருவோர் நெற்றியில் இட்டுக்கொள்வதும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் அவ்விடத்துச் செம்மண்ணைத்தான்.

மறைச்சாட்சிகளின் கல்லறைமீது பீடம் அமைத்தது ஆதித் திருச்சபையின் வழக்கம் அல்லவா என்ற கேள்விக்கு மதிப்பளிக்கிறேன். மயிலையில் திருத்தூதர் தோமையார் கல்லறைமீது பேராலயம் நிற்பது நமக்குப் பெருமையே. ஆனால் அங்கே ஆலயம் கல்லறையைத் தேடி வந்தது. இங்கே கல்லறை ஆலயத்துக்குள் நுழையப் பார்க்கிறது.

இனி கல்லறைத் தோட்டத்துக்கு வருவோம். நவம்பர் 2ஆம் நாள் மந்திரிக்கச் செல்லும் குருவானவர் எவரும் காணும் காட்சிதான் இது: ஒரு பக்கம் கூரையும் கம்பிக் கதவும் கொண்ட கருங்கல் மாளிகைகள், மறு பக்கம் மழையில் கரைந்து, இரண்டு குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய சிலுவையும் சாய்ந்து கிடக்கும் மண்மேடுகள். இதைவிடக் கொடியது சாதி. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தைச் சாதியால் பிரித்த சுவரைப் பற்றி நாடே பேசியது. சுவர் எழுப்பாத ஊர்களிலும் வரிசைகள் கண்ணுக்குத் தெரியாத சுவராக நிற்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். ஒரே திருமுழுக்குத் தண்ணீரை வாங்கியவர்கள் ஒரே மண்ணை வாங்கக் கூடாதா? இலாசர், செல்வர் உவமையை மீண்டும் படியுங்கள். அடக்கம் செய்யப்பட்டான் என்று ஆண்டவர் சொல்வது செல்வனைப் பற்றி மட்டுமே, அவனுக்கோ பெயரில்லை.

பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் போய்த் திரும்பாதவர்களுக்கு அந்த மண்மேடும் இல்லை. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து போன இரயில் வண்டி பயணிகளோடு அடித்துச் செல்லப்பட்டது. கூரையிழந்த கோவில் சுவர் முன் இன்று சுற்றுலாவினர் படம் எடுத்துக்கொள்கிறார்கள்; மாண்டவர்களில் பலருக்குக் குழியும் இல்லை, குறியும் இல்லை. அதன் பின்னும் புயலிலும் துப்பாக்கிச் சூட்டிலும் போனவர்கள் எத்தனை பேர்! உடல் கரை சேராத மீனவனின் மனைவி நவம்பரில் எந்தக் குழியருகே மெழுகுதிரி ஏற்றுவாள்?

திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஏப்ரலில் இறந்தபோது, அவர் விருப்பப்படியே, உரோமை மரியா பேராலயத்தில் அலங்காரமற்ற கல்லறையில் மண்ணுக்குள் வைத்தார்கள். கல்மேல் இருப்பது இலத்தீனில் அவர் பெயர் ஒன்றுதான். பட்டமில்லை, ஆட்சியாண்டும் இல்லை. சட்டம் தமக்கு அளித்த உரிமையையே அவர் இவ்வளவு எளிமையாகப் பயன்படுத்தினார்.

ஆகவே ஒன்று சொல்கிறேன். புதிதாக எந்தப் பெயர்க்கல்லும் கோவிலுக்குள் வேண்டாம். கல்லறைத் தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே அளவுக் குழி, ஒரே அளவுச் சிலுவை, இறந்த நாளின் வரிசை. அதன் வாசலில், கடலில் மாண்டு உடல் கிடைக்காத எங்கள் பங்கு மக்களின் பெயர்களைத் தாங்கி ஒரே ஒரு கல் நிற்கட்டும். விசைப்படகு முதலாளி, நாட்டுப்படகுக் கூலியாள் என்று பாராமல் அகர வரிசையில் பெயர்கள் இருக்கட்டும். தந்தையின் பெயரால் கருங்கல் வாங்கப் பணம் வைத்திருப்போர் இக்கல்லுக்குத் தரலாம். ஆனால் அதன் அடியில் 'உபயம்' என்று எவர் பெயரும் வராது. அதற்கு உடன்படுபவர் நூறு ரூபாய் தந்தாலும் மகிழ்ந்து பெற்றுக்கொள்வோம்.