தூரத்து வேலையும் மின் கருவியும்

கட்டடத்தின் வெளிப்புறம், மேற்கூரை, சோலார் பேனல் என்று கழுவும் தொழிலில் வெளியூர் வேலை வந்தால் கொட்டேஷனில் முதலில் ஏறுவது டீசல் காசு. பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் பயணச் செலவில் டீசல் சிறிய பங்கு; மூன்று பேர் வண்டியில் உட்கார்ந்தே கழிக்கும் நேரம்தான் பெரிய பங்கு. இந்தக் கணக்கைச் சரிசெய்யாமல் பெட்ரோல் இயந்திரத்திலிருந்து மின் கருவிக்கு மாறினால், எரிபொருள் மிச்சம் என்று சொல்லி ரேட்டைக் குறைத்து, கையிலிருந்து போடும் நிலை வரும்.

கோவையில் ஷெட் வைத்திருக்கும் ஒரு குழு உடுமலைப்பேட்டை மில் ஒன்றின் பேனல்களைக் கழுவப் போவதாகக் கொள்ளலாம். போக வர 140 கிலோமீட்டர். சாமான் ஏற்றி இறக்குவதும் மில் கேட்டில் காத்திருப்பதும் சேர்ந்து 4 மணி நேரம் போய்விடும். சிறிய டீசல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால், லிட்டர் ரூ.93 என்ற கணக்கில் டீசலுக்கு ஏறத்தாழ ரூ.870. டயர், சர்வீஸ், இன்ஷூரன்ஸ், தேய்மானம் எல்லாவற்றுக்குமாகக் கிலோமீட்டருக்கு ரூ.5 வைத்தால் ரூ.700. இனி நேரம். அந்தக் குழு 8 மணி நேர நாளில் ரூ.9,000 ஈட்டினால்தான் கூலியும் ஷெட் வாடகையும் கடன் தவணையும் கட்டுப்படியாகும் என்றால், ஒரு மணி நேரத்தின் விலை ரூ.1,125, நாலு மணிக்கு ரூ.4,500. ஆகப் பயணத்தின் அடக்க விலை ரூ.6,070. இதில் டீசல் ஏழில் ஒரு பங்கு.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. ஆட்களின் கூலி அந்த ரூ.9,000-க்குள்ளேயே இருக்கிறது. பயண நேரக் கூலி என்று தனியாக இன்னொரு முறை சேர்த்தால் ஒரே செலவு இரண்டு தடவை ஏறி, வேலை கைநழுவும். நாள் வருமானத்தை வைத்துக் கணக்கிடுபவர் அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ள வேண்டும். இரவு தங்க வேண்டிய வேலைகளில் மட்டும் ரூம், சாப்பாடு, பேட்டா மூன்றும் தனியே சேரும்.

பேனல் வேலைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வெயில் ஏறிய கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விழலாம். அதனால் விடிந்ததும் கழுவத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பதே வழக்கம். உடுமலையில் 6 மணிக்கு நிற்க வேண்டுமானால் கோவையில் 4 மணிக்கு வண்டி எடுக்க வேண்டும். வேலை முடிந்து பதினொன்று, பதினொன்றரைக்குத் திரும்பும் ஆட்களை மதியம் உள்ளூரில் இன்னொரு சுவரைக் கழுவ அனுப்பலாம் என்று தாளில் எழுதுவது சுலபம். மூன்று மணிக்கு எழுந்தவர்கள் மாலையில் ஏணி ஏறுவது நல்லதல்ல. அந்த மதியத்தையும் இழந்ததாகவே கொண்டு விலை போடுவதுதான் நேர்மையான கணக்கு.

இந்தச் செலவு முழுவதையும் ஒரே வாடிக்கையாளர் தலையில் கட்ட முடியாது. பேனலுக்கு இவ்வளவு, சதுர அடிக்கு இவ்வளவு என்ற ரேட்டை எல்லா ஊருக்கும் ஒன்றாக வைத்துவிட்டு, தூரத்தைப் பொறுத்துக் குறைந்தபட்சக் கட்டணத்தை மட்டும் உயர்த்துவது சிக்கலில்லாத வழி. சிறிய வேலைகள் தாமாகவே விலகிவிடும். அதைவிட நல்லது லைன் பிரிப்பது. பொள்ளாச்சி–உடுமலை லைனுக்கு வாரத்தில் ஒரு நாள், பல்லடம்–திருப்பூர் லைனுக்கு ஒரு நாள் என்று நிறுத்தி, ஒரே பயணத்தில் இரண்டு மூன்று இடங்களை ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் (ஏஎம்சி) சேர்த்தால் ரூ.6,070 பங்காகிவிடும். அவசரமாக வேறு நாளில் கூப்பிடுபவரிடம் முழுப் பயணக் கட்டணத்தையும் தயங்காமல் கேட்கலாம். ஆடிக் காற்றையும் கணக்கில் வைக்க வேண்டும்: ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில் கயிற்றில் தொங்கிச் செய்யும் வேலை பாதியில் நிற்கும். மறுநாள் திரும்பப் போகும் செலவு யாருடையது என்பதை ஒர்க் ஆர்டரிலேயே எழுதிவிட வேண்டும்.

பயணக் கட்டணத்தைப் பில்லில் தனி வரியாகக் காட்டினால் வரி குறையும் என்ற நம்பிக்கை தொழிலில் பரவலாக இருக்கிறது. அது தவறு. 2017-ஆம் ஆண்டு மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி சேவையோடு சேர்ந்த சில்லறைச் செலவுகளும் சேவையின் மதிப்பே. துப்புரவுச் சேவைக்கான 18 சதவீதம் அதற்கும் உண்டு. பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் அவற்றில் கட்டிய வரியைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை.

மின் கருவிக்கு மாறுவதை ஒரே முடிவாகப் பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பம்ப், பிரஷர் வாஷர், வண்டி மூன்றுக்கும் கணக்கு வேறு வேறு.

பேனலுக்கும் கண்ணாடிச் சுவருக்கும் நீளக் கம்பில் பிரஷ் பொருத்தித் தண்ணீர் அனுப்பும் 12 வோல்ட் பம்ப் 8 ஆம்பியருக்கு மேல் இழுப்பதில்லை. 100 ஏஎச் லித்தியம் பேட்டரி ஒன்று அதை நாள் முழுக்க ஓட்டும். எடையும் 15 கிலோவுக்குள். பஞ்சு பறக்கும் மில்லின் மேற்கூரைக்குப் பெட்ரோல் கேனைத் தூக்கிப் போக வேண்டிய அவசியமே இல்லை. இந்த மாற்றத்துக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

பிரஷர் வாஷர் கதை வேறு. 150 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 10 லிட்டர் தள்ளத் தண்ணீரிலேயே 2.5 கிலோவாட் இறங்க வேண்டும். மோட்டார், பம்ப் இழப்பையும் சேர்த்தால் 3 கிலோவாட்டைத் தொடும். நாலு மணி நேர வேலைக்கு 12 யூனிட். அவ்வளவு பேட்டரியைச் சுமந்து போவது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆகவே வாடிக்கையாளரின் 16 ஆம்பியர் பிளக்கை நம்பித்தான் ஆக வேண்டும். மின்சாரம் யார் தருவது என்று கொட்டேஷனில் ஒரு வரி இல்லாமல் அங்கே போய் நிற்கக் கூடாது.

பிளக் இருந்தாலும் ஒயர் காலை வாரும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளை 50 மீட்டர் இழுத்து 13 ஆம்பியர் ஓட்டினால் ஏறத்தாழ 16 வோல்ட் வழியிலேயே போய்விடும். வீட்டுக்கு வருவதே 200 வோல்ட் என்றால் மோட்டார் முனகிக்கொண்டு சூடேறும். சிலசமயம் எம்சிபி விழும், சிலசமயம் வைண்டிங் கருகும். 2.5 கேபிள் போட்டால் இழப்பு பத்து வோல்ட்டுக்குள் அடங்கும். சுருளில் கிடக்கும் கேபிளை முழுக்க விரித்துவிட்டே ஓட்ட வேண்டும். நனைந்த தரையில் வேலை என்பதால் 30 மில்லிஆம்பியர் ஈஎல்சிபி பொருத்திய சொந்த போர்டு இல்லாமல் இயந்திரத்தை இறக்கவே கூடாது. வாடிக்கையாளர் வீட்டில் இருக்கிறது என்று அவர் சொல்வதை நம்புவதும் கூடாது. தோட்டத்து வீடுகளில் இலவச விவசாய இணைப்பிலிருந்து ஒயர் எடுத்துக் கொடுப்பார்கள். அது பாசனப் பம்ப்செட்டுக்கானது. கழுவும் வேலைக்கு எடுப்பது விதிமீறல். அந்த மாதிரி இடங்களுக்கு ஒரு பெட்ரோல் வாஷரை விற்காமல் வைத்திருப்பதே புத்திசாலித்தனம்.

வண்டி கடைசி. 2022-இல் வந்த டாடா ஏஸ் ஈவிக்கு 21.3 யூனிட் பேட்டரி. ஒரு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர் என்பது சோதனைச் சான்று. சுமையோடு 110 ஓடும் என்று வைத்தால் உடுமலை போய்வர ஏறத்தாழ 27 யூனிட். ஷெட்டில் போடும் மின்சாரம் யூனிட் ரூ.10 என்றால் ரூ.270. டீசலோடு ஒப்பிட மிச்சம் ரூ.600. ஆனால் 21.3 யூனிட்டில் 27 யூனிட் தூரம் ஓடாது. வழியில் சார்ஜுக்காக அரைமணிக்குச் சற்று மேல் காத்திருந்தாலே, மணிக்கு ரூ.1,125 கணக்கில் அந்த மிச்சம் கரைந்துவிடும். மில்லிலேயே வேலை நடக்கும்போது சார்ஜ் போட அனுமதி வாங்கினால் கணக்கு நேராகும். ஏஎம்சி பேசும்போதே கேட்டு வாங்க வேண்டிய சலுகை இது. சுமைத்திறன் 600 கிலோ என்பதையும் மறக்கலாகாது. போர் தண்ணீரின் உப்புக் கறைக்குப் பயந்து 500 லிட்டர் நல்ல தண்ணீரை ஏற்றினால் கருவிக்கும் ஆளுக்கும் மிஞ்சுவது நூறு கிலோ.

கோவை, திருப்பூர், பல்லடம் வட்டத்துக்குள் சுற்றும் குழுவுக்கு மின் வண்டி இப்போதே கட்டுப்படியாகும். நீலகிரிக்கு அப்படிச் சொல்ல முடியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுவதற்குள் உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர் கூடுகிறது. முழுச் சுமையோடு 1.8 டன் வண்டியை அவ்வளவு உயரம் தூக்கவே 7.5 யூனிட் வேண்டும், சாலையில் உருளும் செலவு தனி. மலை வேலைக்கு இன்றைக்கு டீசல் வண்டியே சரி.