கைதட்டினோம், கணக்குக் கேட்கவில்லை

2020 மார்ச் 22, ஞாயிறு மாலை 5 மணி. மாடியிலும் வாசலிலும் நின்று, கொரோனாவோடு போராடிய நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும் நன்றியாகக் கைதட்டினோம். தட்டைத் தட்டினோம், சில தெருக்களில் சங்குகூட ஊதினோம். 2022 டிசம்பர் 31 அன்று, கொரோனா காலத்தில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களுக்கு வேலை போனது. அவர்கள் போராட உட்கார்ந்தபோது நாம் புத்தாண்டுக் கோலத்துக்குக் கலர்ப்பொடி வாங்கிக்கொண்டிருந்தோம்.

அரசைத் திட்டி இதை முடித்துவிடலாம். ஆனால் நம்மிடம் பாக்கி நிறைய இருக்கிறது.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலை எடுத்துக்கொள்வோம். கையில் விளக்கோடு நடக்கும் அம்மையார் என்று பள்ளியில் படித்தோம், அத்தோடு சரி. கிரிமியப் போரின்போது ஸ்கூட்டாரி மருத்துவமனையில் 1855 பிப்ரவரியில் நூற்றுக்குச் சுமார் 42 பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். ஜூனில் அது 2 ஆகக் குறைந்தது. இடையில் நடந்தது சாக்கடை சுத்தம். பிரிட்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு கழிவுநீர்க் குழாய்களைச் சரிசெய்து காற்றோட்டத்துக்கு வழிவிட்டது. நைட்டிங்கேல் ஊர் திரும்பி, எத்தனை பேர் எதனால் செத்தார்கள் என்று கணக்கெடுத்து, படம் வரைந்து ஆட்சியாளர்கள் முன் வைத்தார். புள்ளிவிவரம் பேசிய அந்தப் பெண்ணை நமக்கு யாரும் காட்டவில்லை. நாமும் தேடவில்லை.

1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் திரண்ட நிதியில் தொடங்கிய நர்ஸிங் பள்ளியில் முதலில் சேர்ந்தவர்கள் 15 பெண்கள். அவர்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு, சீருடை, அதற்குமேல் ஆண்டுக்கு 10 பவுண்டு கைக்காசு. நர்ஸ்கள் மேட்ரன் என்ற தலைமை நர்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும், டாக்டருக்கோ நிர்வாகிக்கோ கீழே அல்ல என்பது அவர் பிடிவாதம். பயிற்சி, ஊதியம், தனி அதிகாரம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் இதை ஒரு தொழிலாக்கின. நம் நர்ஸிங் கல்லூரிகளில் மெழுகுவர்த்தி ஏந்தி அவர் பெயரில் எடுக்கும் உறுதிமொழியோ 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் வேறு சிலர் எழுதியது. டாக்டருக்கு விசுவாசமாக உதவுவேன் என்பதும் அதில் உண்டு. நமக்கு வசதியான பகுதி அது.

சென்னைக்கு இதில் பழைய சொந்தம் இருக்கிறது. அரசு பொது மருத்துவமனையில் 1871இல் நர்ஸ் பயிற்சி தொடங்கியது. 1909இல் வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் நர்ஸிங் பள்ளி வைத்தார். நர்ஸ்களையும் மகப்பேறுச் செவிலியரையும் பதிவுசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1926லேயே வந்தது. 1946இல் வேலூரில் பி.எஸ்சி. பட்டமும் வந்துவிட்டது. இவ்வளவு முன்னால் தொடங்கியும் அந்த வகுப்புகளில் வெகுகாலம் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியப் பெண்கள், கிறித்தவப் பெண்கள். நம் வீடுகளில் பெண்ணை அனுப்பவில்லை. எந்தச் சாதிக்காரர் உடம்பையும் தொட வேண்டும், மலம் மூத்திரம் அள்ள வேண்டும், ராத்திரி வெளியே தங்க வேண்டும். போகாமல் இருந்ததோடு நிற்காமல், போனவர்களின் நடத்தையைப் பற்றித் திண்ணையில் பேசினோம். இந்தியா முழுக்கச் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு 1946இல் தந்த அறிக்கையின்படி 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் இருந்தார். அந்தப் பற்றாக்குறையில் நம் திண்ணைக்கும் பங்கு உண்டு.

இன்றும் பெண் பார்க்கப் போகும் இடத்தில் "நைட் டூட்டி உண்டா?" என்று கேட்கிறோம். அதே பெண் லண்டனுக்கோ குவைத்துக்கோ போய்விட்டால் கேள்வி மாறிவிடும், "அங்கே எவ்வளவு தர்றாங்க?"

இங்கே எவ்வளவு தருகிறார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. 2015 முதல் தமிழ்நாடு அரசு தேர்வு வைத்து எடுத்த நர்ஸ்களுக்குத் தொடக்கத்தில் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாயாக இருந்தது. 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் பணிநிரந்தரம் கேட்டு உட்கார்ந்தார்கள். 'நோயாளிகள் அவதி' என்ற செய்தியைப் பார்த்து உச்சுக்கொட்டினோம். தனியாரில் கதை இன்னும் மோசம். உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னதன்பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. நம் ஊர் நர்ஸிங் ஹோம்களில் அதில் பாதிகூட வாங்காதவர்கள் இருக்கிறார்கள். அசல் சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. நமக்கு பில் குறைந்தால் போதும்.

பயிற்சி மருத்துவமனையின் பொதுவார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த அளவு. இரவில் ஒரு முழு வார்டுக்கும் ஒருவரோ இருவரோ ஓடிக்கொண்டிருப்பதைத்தான் நாம் பார்க்கிறோம். "சிஸ்டர், ட்ரிப்ஸ் முடிஞ்சிருச்சு" என்று கத்துகிறோம். தாமதமானால் சண்டை போடுகிறோம். டாக்டர் வந்தால் எழுந்து நிற்கிறோம். படுத்திருப்பவரைப் புரட்டிப் போடுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் நர்ஸிங்கின் அரிச்சுவடி. அதை இன்று செய்வது கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அம்மாவோ மனைவியோதான். அவர்களுக்குப் பயிற்சியும் கிடையாது, சம்பளமும் கிடையாது. முதுகில் படுக்கைப்புண் வந்தால் விதி என்கிறோம். மருத்துவத்தின் நான்கு கூறுகளில் ஒன்றாக, அருகிலிருந்து பார்த்துக்கொள்பவரையும் வள்ளுவர் சேர்த்திருக்கிறார் என்று மேடையில் பெருமை பேசுவதும் நாம்தான்.

அடுத்தமுறை யாரையாவது அட்மிட் செய்யும்போது ரூம் வாடகையோடு இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். ராத்திரி ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி? அவருக்கு மாதம் என்ன சம்பளம்? சங்கடமான கேள்விதான். 1871இலிருந்து நாம் கேட்காமல் விட்டதும் இதுதான்.