ஒரு சொல் மாறியது; உயிர் தப்பியது!

புத்தகம் கடைக்கு வந்தவுடன் வாங்குகிறார்கள். பழைய புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒத்துப் பார்க்கிறார்கள். "இந்தச் சொல் ஏன் மாறிற்று? அந்த எண் ஏன் கூடிற்று?" என்று வாதாடுகிறார்கள். சிறுவர்கள் மட்டும் அல்ல, தலை நரைத்தவர்களும்தான்!

அப்படி என்ன புத்தகம்? விளையாட்டுப் புத்தகம்!

"டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்" என்பது விளையாட்டின் பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் உண்டாக்கியது. அமெரிக்காவில் 1974-ம் ஆண்டு வெளிவந்தது.

நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதையில் வீரனாக, மந்திரவாதியாக, திருடனாக வருவார்கள். "பூதத்தை வெட்டுகிறேன்!" என்பார் ஒருவர். வெட்டு விழுந்ததா? 20 முகம் கொண்ட பகடையை உருட்டினால் தெரியும்.

கதை வாயில் இருக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. 2014-ம் ஆண்டுச் சட்டப் புத்தகத்தைத் திருத்தி, 2024 செப்டம்பரில் புதிதாக வெளியிட்டார்கள். மொத்தம் 384 பக்கம்.

காயத்தை ஆற்றும் மந்திரம் ஒன்று உண்டு. முன்பு அதற்கு எட்டு முகப் பகடை ஒன்றை உருட்டுவார்கள். இப்போது இரண்டு! சாகக் கிடந்த வீரன் எழுந்துவிடுகிறான்.

2025 பிப்ரவரியில் அரக்கர்களைப் பற்றிய புத்தகம் வந்தது. 'காப்ளின்' என்ற குள்ளப் பகைவன் முன்பு மனித வகை. இப்போது மாய வகை. ஒரு சொல்தானே என்கிறீர்களா? மனித வகையை மட்டும் அசையாமல் நிறுத்தும் மந்திரம் ஒன்று இருக்கிறது. அது இனி காப்ளினிடம் பலிக்காது! இதைப் படிக்காமல் போனவன் கத்திக்குத்து வாங்குவான்.

வேலையற்றவர்களின் வேலை என்று சிலர் சிரிக்கிறார்கள். சிரிப்பது தவறு. பெரிய சச்சரவு ஒன்றும் இதில் இருக்கிறது.

'எல்ஃப்' என்பவர்கள் கூர்மையான காது கொண்ட வனத்து மக்கள். எல்ஃபுக்கும் மனிதனுக்கும் பிறந்தவன் 'அரை எல்ஃப்'. 1978-ம் ஆண்டுப் புத்தகத்திலேயே அவன் உண்டு. 2024 புத்தகத்தில் அவனுக்குத் தனி இடம் இல்லை!

ஒரு மனிதனை 'அரை' என்று அழைப்பதே இழிவு என்கிறார்கள் ஒரு சாரார். நியாயமான பேச்சு. ஆனால் இரண்டு இனத்துப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை, "இவன் என்னைப் போன்றவன்" என்று விரல் வைத்துக் காட்டிய பக்கமும் அதுதானே? பெயர் கெட்டது என்றால் பெயரை மாற்றலாம். ஆளையே எடுத்துவிடுவதா?

பழைய புத்தகத்தை வைத்து விளையாடலாம், தடையில்லை. புதிதாக விளையாட வரும் பிள்ளையின் கையில் பழைய புத்தகம் ஏது?

நல்ல பெயர் ஒன்று கைவசமே இருக்கிறது. இதே விளையாட்டில் 'எபரான்' என்று ஒரு கதை உலகம் உண்டு. அங்கே அரை எல்ஃப் மக்கள் தங்களைக் 'கோரவார்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். தங்கள் கண்டத்தின் பிள்ளைகள் என்பது பொருள்.

384 பக்கத்தில் அவர்களுக்கு ஒரு பக்கமா கிடைக்கவில்லை?