குட்டிக்கரணமும் ஒரு பாடம்தான்!

ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் பலருக்கும் ஒலிம்பிக் சமயத்தில் டி.வி.யில் வந்து போகும் ஒரு விளையாட்டு, அவ்வளவுதான். ஆனால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரையில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சின்ன வயதில் ஆற்று மணலில் பல்டி அடித்த கதை நிச்சயம் வரும். விழுந்தால் மணல் தாங்கிக் கொண்டது. இன்று ஆற்று மணலில் பெரும்பகுதியை அள்ளியாகி விட்டது. பல்டி ஆசை மட்டும் போகவில்லை! செல்போன் வீடியோவைப் பார்த்துவிட்டு மொட்டை மாடியிலும் சிமெண்ட் தரையிலும் பையன்கள் பின்பக்கமாகத் தாவுகிறார்கள். தலை தரையில் மோதிக் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டால் கை கால் நிரந்தரமாகச் செயலிழந்து போகலாம் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

பள்ளிக்கூடம்தான் சொல்ல வேண்டும். அதற்கென்றே இருப்பது பி.டி. பீரியட். அதையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக் கொண்டால் என்ன செய்ய?

ஜிம்னாஸ்டிக்ஸில் ஆண்களுக்கு 6 கருவிகள், பெண்களுக்கு 4. இவை எதையும் தொடுவதற்கு முன்பே தரையில் கற்க வேண்டியது நிறைய. முதல் பாடம் விழுவது, அதாவது 'லேண்டிங்'. இரண்டு பாதமும் சேர்ந்து ஊன்ற வேண்டும், முழங்கால் சற்று மடங்கி அதிர்ச்சியை வாங்கிக் கொள்ள வேண்டும். அடுத்தது 'ஃபார்வர்டு ரோல்', நம்மூர்க் குட்டிக்கரணம். மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், உச்சந்தலையில் பாரம் இறங்கவே கூடாது. பிறகு 'ஹேண்ட்ஸ்டாண்ட்'. விரல்களை விரித்து ஊன்றி, மணிக்கட்டு, தோள், இடுப்பு, பாதம் எல்லாம் ஒரே கோட்டில் தலைகீழாக நிற்பது. அதன்பின் 'கார்ட்வீல்', வண்டிச் சக்கரம் போல கை, கை, கால், கால் என்று வரிசையாக ஊன்றிச் சுற்றுவது.

உடலின் வடிவத்துக்கும் பெயர் உண்டு. முழங்காலை நெஞ்சோடு கட்டிக் கொண்டால் 'டக்'. காலை நீட்டி இடுப்பில் மட்டும் மடங்கினால் 'பைக்'. கை தரையைத் தொடாமல் காற்றிலேயே சுற்றினால் 'சால்டோ'. வீடியோ பார்க்கும் பையன் நேராகத் தாவுவது இந்தக் கடைசிப் படிக்குத்தான்!

இதெல்லாம் நம் ஊருக்கு எதற்கு என்று கேட்பவர்கள் அகர்தலாவைப் பார்க்கட்டும். அந்தச் சிறிய நகரத்தில் ஆறு வயதில் பயிற்சியைத் தொடங்கியவர் தீபா கர்மாகர். அவர் அப்பா ஒரு பளுதூக்கும் பயிற்சியாளர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் கையூன்றித் தாவி, காற்றில் இருமுறை சுருண்டு இறங்கும் 'புரொடுனோவா' என்ற அபாயகரமான தாவலைச் செய்து 15.066 புள்ளியோடு நான்காம் இடம் பெற்றார். வெண்கலம் நழுவியது வெறும் 0.150 புள்ளியில். அந்தத் தாவலைப் பிரித்துப் பார்த்தால் ஓட்டம், கையூன்றல், 'டக்', 'லேண்டிங்'. எல்லாம் தரையில் கற்ற பாடங்களே.

வேலூருக்கும் பளுதூக்கலில் பெருமை உண்டு. சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்ட் கோஸ்டிலும் தங்கம். அங்கே பளுதூக்குவது முன்பே பழக்கத்தில் இருந்தது, 'ஸ்நாட்ச்' என்ற சொல் பையன்கள் காதில் விழுந்து கொண்டே இருந்தது. பழக்கம் முதலில், பதக்கம் பிறகு.

செலவு அதிகம் என்பார்கள். முழுக் கூடம் அமைக்கத்தான் அதிகம். அடிப்படைக்குத் தேவை நல்ல மெத்தைகளும் முறையாகப் பயின்ற ஓர் ஆசிரியரும். மெத்தை என்பது என்ன? அடர்த்தியான ஃபோம், மேலே ரெக்சின் உறை. தோலும் ஃபோமும் வெட்டித் தைக்கத் தெரிந்த கைகளுக்கு ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் பஞ்சமா? சரியான தடிமனைப் பயிற்சியாளர் சொன்னால் போதும். வெளிநாட்டுக் கால்களுக்கு ஷூ அனுப்பும் கம்பெனிகள், பக்கத்துப் பள்ளிக்கு நாலு மெத்தை தரக் கூடாதா?

பெண் பிள்ளைகளின் உடையைப் பற்றித் தயங்கும் பெற்றோரும் உண்டு. போட்டி உடை போட்டிக்குத்தான். உருளவும் கையூன்றி நிற்கவும் டிராக் பேண்டும் டி-ஷர்ட்டும் போதும்.

எல்லாப் பிள்ளையும் ஒலிம்பிக் போகப் போவதில்லை. ஆனால் எல்லாப் பிள்ளையும் வாழ்க்கையில் எப்போதாவது கீழே விழத்தான் போகிறது, சைக்கிளிலிருந்தோ, மாடிப்படியிலிருந்தோ. அடிபடாமல் விழக் கற்றுத் தருவதும் படிப்புதானே? ஆற்று மணல் செய்த வேலையை இனிமேல் பள்ளிக்கூடம் செய்யட்டும்.